லொறி முற்றத்து மழைநீரும் பக்கத்துத் தோட்டக் கிணறுகளும்

மழைநீர் சுத்திகரிப்புக் கருவி விற்க வருகிறவர் முதலில் கேட்பது "காணி எத்தனை சதுர மீற்றர்?" என்றுதான். இலக்கத்தைச் சொன்னால் போதும், அன்று பின்னேரமே விலைப்பத்திரம் வந்துவிடும். அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது என்பதுதான் எனக்குச் சொல்ல இருக்கும் விஷயம். எந்தத் தண்ணீர் கருவிக்குள் போக வேண்டும், எது போகக் கூடாது என்று முடிவெடுத்த பிறகுதான் சதுர மீற்றர் பேசலாம்.

நான் வேலை பார்த்தது யாழ்ப்பாணத்தில் மருதனார்மடப் பக்கம், பன்னிரண்டு பரப்புக் காணி. ஏறத்தாழ 3000 சதுர மீற்றர். கட்டடப் பொருட்கள் விற்கும் கடையும் களஞ்சியமும் சேர்ந்து 1000 சதுர மீற்றர் கூரை. லொறிகள் திரும்பவும் தரிக்கவும் கொங்கிறீற் போட்ட முற்றம் 1500. மிச்சம் பனையும் வேம்பும் நிற்கும் வெறும் நிலம். முற்றத்தின் ஒரு மூலையில் சொந்த வாகனங்களுக்கு டீசல் அடிப்பார்கள், ஒயில் மாற்றுவார்கள், கழுவுவார்கள். சுற்றிவர வெங்காயமும் மரவள்ளியும் புகையிலையுமாகத் தோட்டங்கள். தோட்டத்துக்கொரு கிணறு.

முதலாளி நல்ல மனிதர், ஆனால் கணக்குப் பார்ப்பவர். விலைப்பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, மழைத்தண்ணிக்குமோ மெசின்? வெள்ளம் எண்டால் தன்ரபாட்டில வழிஞ்சு போகும்தானே" என்றார். நான், "வழிஞ்சு எங்க போகுது ஐயா?" என்றேன். அதற்குப் பதில் எங்கள் இருவருக்குமே தெரியும்.

மருதனார்மடம் இருக்கும் வலிகாமத்தில் செம்மண் ஒரு மெல்லிய போர்வை. தோண்டினால் சில அடிகளிலேயே சுண்ணாம்புக் கல் வரும். அந்தக் கல்லில் வெடிப்புகளும் குகைகளும் உண்டு. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அந்தக் கல்லின் வேலைதான். மணல் நிலத்தில் அழுக்குத் தண்ணீர் மெதுவாக வடிந்து இறங்கும்போது ஓரளவுக்காவது சுத்தமாகும். வெடிப்புள்ள கல்லில் அந்த அவகாசம் இல்லை. ஊறல் குழியிலிருந்து கிணற்றுக்கு 50 அடி தள்ளியிருந்தால் போதும் என்று சொல்லுவதுண்டு. வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறதென்று தெரியாதபோது அந்த 50 அடியை நான் பெரிதாக நம்புவதில்லை. குடாநாட்டில் ஆறென்று சொல்ல மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான். குடிக்கவும் இறைக்கவும் கிணறு தவிர வேறு கதி இல்லை. 2014, 2015 காலத்தில் சுன்னாகத்தில் அனல் மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று 2019 இல் தீர்ப்பு வந்தது. மருதனார்மடத்திலிருந்து சுன்னாகம் சைக்கிள் தூரம். அதற்குப் பிறகு முதலாளி மெசின் வேண்டுமா என்று கேட்கவில்லை. எந்த மெசின் என்றுதான் கேட்டார்.

இனி அந்த விலைப்பத்திரம். கூரையும் முற்றமும் சேர்த்து 2500 சதுர மீற்றர். அதை 0.0018 ஆல் பெருக்கியிருந்தார்கள். 4.5 வந்தது. அதனால் விநாடிக்கு 6 லீற்றர் சுத்திகரிக்கும் பைபாஸ் ரக ஒயில் செப்பரேட்டர், அதாவது தண்ணீரிலிருந்து ஒயிலைப் பிரிக்கும் தாங்கி, ஒன்று போதும் என்று எழுதியிருந்தது. கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த 0.0018 எங்கிருந்து வந்தது? அது பிரித்தானியாவில் பாவித்த சூத்திரம். மணிக்கு 6.5 மில்லிமீற்றர் மழை என்பதுதான் அதற்குள் ஒளிந்திருக்கும் எண். அங்கே மழை வருடம் முழுக்கத் தூறிக்கொண்டிருக்கும். பெரும்பாலான மழை அந்த அளவைத் தாண்டாது. அதைத் தாண்டும் தண்ணீரைக் கருவி சுத்திகரிக்காமல் பக்கத்தால் விட்டுவிடும். அங்கே அது நியாயமான ஏற்பாடு.

எங்களுக்கு வருடத்தில் 1200, 1300 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடும். 2008 நிஷா புயலின்போது ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்ததும் இங்கேதான். புயலை விடுங்கள். சாதாரண கார்த்திகை மழையே மணிக்கு 50 மில்லிமீற்றர் வேகத்தில் பத்து நிமிடம் அடித்துவிட்டுப் போகும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் யாரும் கணக்குப் பார்க்கலாம். 2500 சதுர மீற்றரில் மணிக்கு 50 மில்லிமீற்றர் என்றால் மணிக்கு 125,000 லீற்றர். விநாடிக்கு ஏறத்தாழ 35 லீற்றர். கருவி 6 லீற்றரைச் சுத்திகரிக்கும். மிச்சம் 29 லீற்றரும், எட்டு மாத ஒயில் கறையைக் கழுவிக்கொண்டு, வந்தபடியே வெளியில் போகும்.

சரி, அப்படியென்றால் பெரிய கருவியாக வாங்கலாமா? முழுத் தண்ணீரையும் சுத்திகரிக்கும் ரகத்தை மணிக்கு 100 மில்லிமீற்றருக்குப் போட்டால் விநாடிக்கு 70 லீற்றர் வரும். அந்த அளவுக் கருவியின் விலையை விடுங்கள், அதைப் புதைக்கச் சுண்ணாம்புக் கல்லை உடைக்கும் செலவே ஆளைச் சாய்த்துவிடும்.

ஆகவே கருவிப் பேச்சை ஒருபக்கம் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனோம். மழை பெய்யும்போது குடையோடு நின்று பார்த்தால் வரைபடத்தில் தெரியாதது தெரியும். கூரைத் தண்ணீர் பீலி வழியாக நேரே முற்றத்தில் விழுந்து, அங்கிருக்கும் ஒயிலையும் சேற்றையும் அள்ளிக்கொண்டு போனது. அந்தத் தண்ணீர் விழும்வரை சுத்தம். அதை அழுக்காக்கிவிட்டுப் பிறகு காசு கொடுத்துச் சுத்திகரிப்பது என்ன நியாயம்? பீலிகளை ஒன்றுசேர்த்துத் தனிக் குழாயில் எடுத்தோம். முதல் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மழையை, அதாவது கூரையின் தூசியும் காகத்தின் எச்சமும் கரைந்து வரும் ஆயிரம் இரண்டாயிரம் லீற்றரை, வெறும் நிலத்துப் பனைகளுக்கு விட்டோம். மிச்சம் மணல் வடியைத் தாண்டி, காணியின் மறுகோடியில் நிலத்துக்குள் இறங்குகிறது. 1000 சதுர மீற்றர் கூரையில் வருடத்துக்கு ஒரு மில்லியன் லீற்றர் வரை கிடைக்கும். தோட்டக்காரருக்கு அதைச் சொன்னபோது அவர்கள் முகம் மாறியது. அதுவரை எங்களை எதிரியாகத்தான் பார்த்தார்கள்.

பிறகு கழுவும் மேடை. இதில் பலர் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். கழுவும் தண்ணீரையும் மழைத்தண்ணீரையும் ஒரே செப்பரேட்டரில் விடுவார்கள். ஷாம்பூவும் அழுத்த நீரும் சேர்ந்தால் ஒயில் பொடித் துளிகளாகக் கரைந்துவிடும். செப்பரேட்டர் வேலை செய்வதே ஒயில் மேலே மிதந்து வருவதை நம்பித்தான். கரைந்தது மிதக்காது, தண்ணீரோடு வெளியே போய்விடும். செப்பரேட்டருக்கு முன்னால் பம்ப் வைத்து இறைத்தாலும் இதே கதைதான். மேடைக்கு மேலே தகரக் கூரை போட்டு, அந்தக் கழிவுநீரைத் தனியாகச் சின்னச் சுத்திகரிப்புக்கு அனுப்பினோம். அதைப் பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரை வரும்.

மூன்றாவதாக, டீசல் அடிக்கும் மூலையைச் சுற்றி நான்கு அங்குல உயரத்தில் ஒரு கொங்கிறீற் மேடு. லொறி ஏறி இறங்கும், தண்ணீர் தாண்டாது. அந்த மேட்டுக்குள் 300 சதுர மீற்றர். வெளியே 1200. இந்த மேடு போட ஒரு மேசனும் இரண்டு கூலியாளும் போதும். முழு வேலையிலும் கொடுத்த காசுக்குக் கூடுதல் பலன் தந்தது அதுதான் என்பேன்.

இப்போது அளவு. ஒயில் சிந்தும் 300 சதுர மீற்றருக்கு விட்டுக்கொடுப்பு இல்லை, பைபாஸ் இல்லை. மணிக்கு 100 மில்லிமீற்றர் எடுத்தேன்: விநாடிக்கு 8.3 லீற்றர். விற்பனையில் கிடைக்கும் அடுத்த அளவு 10. ஐரோப்பியத் தரத்தில் இந்தக் கருவிகளுக்கு இரண்டு வகுப்பு. முதல் வகுப்பு, தட்டுகளிலோ பஞ்சு போன்ற வலையிலோ சிறு துளிகளை ஒட்டவைத்துப் பெருப்பித்து மிதக்கவிடும். சோதனையில் வெளியேறும் நீரில் லீற்றருக்கு 5 மில்லிகிராம் ஒயிலுக்கு மேல் இருக்காது. இரண்டாம் வகுப்பு வெறும் மிதப்பை நம்புவது, 100 மில்லிகிராம். நம் நாட்டில் நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு 2008 வர்த்தமானி வைத்திருக்கும் எல்லை ஒயிலும் கிறீசும் 10 மில்லிகிராம், தொங்கும் திண்மம் 50 மில்லிகிராம். ஆகவே இரண்டாம் வகுப்பு மலிவாகக் கிடைத்தாலும் பேசிப் பயனில்லை. விலைப்பத்திரத்தில் வகுப்பு எழுதாமல் விடுவது சாதாரணமாக நடக்கிறது. கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாகனச் சேர்விஸ் செய்யும் இடத்துக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் வேண்டும், அப்போது இந்தத் தாள் உதவும்.

"உதை எங்கட மேசன் மூண்டு அறைத் தொட்டியாக் கட்டித் தருவான்" என்று முதலாளி சொன்னார். ஊரில் எல்லா இடமும் உள்ளது அதுதான். மேசன் கட்டும் தொட்டி இரண்டாம் வகுப்பு வேலையைத்தான் செய்யும், அதுவும் நீளமும் குறுக்குச் சுவரும் சரியாக அமைந்தால். ஆனால் சேறு பிடிக்க அதைவிட நல்லது இல்லை. ஆகவே முன்னால் மேசன் கட்டிய சேற்றுத் தொட்டி, பின்னால் தொழிற்சாலையில் செய்த முதல் வகுப்புச் செப்பரேட்டர் என்று இரண்டையும் சேர்த்தோம். சேற்றுத் தொட்டிக்கு அதே ஐரோப்பியத் தரம், கருவியின் அளவை 100, 200, 300 என்று சேற்றின் அளவுக்கேற்பப் பெருக்கச் சொல்கிறது. செம்மண் ஒட்டிய ரயர்களோடு வரும் லொறிகளுக்கு 300 தான். 3000 லீற்றர். ஆள் இறங்கி மண்வெட்டியால் அள்ளக்கூடிய அகலத்தில் கட்டினோம்.

செம்மண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். "80 வீதம் திண்மங்களை அகற்றும்" என்று கருவி விற்பவர்களின் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கும். எந்தத் திண்மம்? சில கருவிகளை ஒரே அளவான சிலிக்கா மணலைக் கொண்டு சோதித்திருப்பார்கள். அந்த மணலின் துணிக்கை ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு பருமன். விநாடிக்கு 8 மில்லிமீற்றர் வேகத்தில் கீழே போய்விடும். அதில் ஐந்தில் ஒரு பங்கு பருமனுள்ள வண்டல் விநாடிக்கு 0.4 மில்லிமீற்றர்தான் இறங்கும். உதாரணத்துக்கு, விநாடிக்கு 22 லீற்றர் ஓட்டத்தில் அந்த மணலைப் பிடிக்க மூன்று சதுர மீற்றருக்கும் குறைந்த தொட்டி போதும். அந்த வண்டலைப் பிடிக்க 55 சதுர மீற்றர் வேண்டும். களி அதைவிடவும் மெதுவாகத்தான் இறங்கும். இதை நம்பாதவர்கள் ஒரு வேலை செய்யலாம். மழை அடிக்கும்போது முற்றத்தில் ஓடும் தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து மேசையில் வையுங்கள். சில நிமிடங்களில் அடியில் தங்குவதைக் கருவி பிடிக்கும். அடுத்த நாள் காலையும் வெறும் தேத்தண்ணி நிறத்தில் நிற்பதை தண்ணீரைச் சுழற்றி மண்ணை அடியில் தங்கவிடும் எந்தச் சுழல் கருவியும் பிடிக்காது. ஆய்வுகூடத்துக்குக் காசு கட்டுவதற்கு முன் இதைச் செய்தாலே பாதிக் கேள்விகளுக்கு விடை வந்துவிடும்.

எங்கள் போத்தல் அடுத்த நாளும் சிவப்பாகவே நின்றது. அதனால் 1200 சதுர மீற்றருக்குச் சுழல் செப்பரேட்டர் வாங்கும் யோசனையைக் கைவிட்டேன். வாசலில் இருந்த செம்மண் பகுதிக்குச் சல்லி போட்டு ரயரில் மண் ஒட்டுவதைக் குறைத்தோம். முற்றத்துத் தண்ணீரை ஒரு பிரிப்புத் தொட்டிக்கு எடுத்தோம்: மணிக்கு 25 மில்லிமீற்றர் மழை வரை, அதாவது விநாடிக்கு எட்டு லீற்றருக்குச் சற்று மேல், மணல் தொட்டியைத் தாண்டிப் புல் வளர்ந்த அகலமான வாய்க்காலில் மெதுவாகப் போகும். அடியில் களி அடித்து இறுக்கியிருப்பதால் அது கல்லுக்குள் அவசரமாக இறங்காது. அதற்கு மேல் வரும் தண்ணீர் ஒரு தடுப்புச் சுவரைத் தாண்டி நேரே வீதி வாய்க்காலுக்கு. சுவர் மணல் தொட்டிக்கு வெளியே இருப்பது முக்கியம். பெருவெள்ளமும் மணல் தொட்டிக்குள்ளாலேயே போனால், மாதக்கணக்காகப் பிடித்த சேற்றை ஒரே மழையில் கலக்கி வெளியே தள்ளிவிடும். விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இது ஒன்று: கருவி தாங்கும் ஓட்டத்தைப் போல ஐந்து மடங்கு வந்தால் உள்ளே இருக்கும் சேறு எங்கே போகும்?

இன்னொரு கேள்வி மட்டம். யாழ்ப்பாணம் தட்டையான ஊர். கருவிக்குள் தண்ணீர் போகும் குழாய்க்கும் வெளியே வரும் குழாய்க்கும் இடையில் சில அங்குலமாவது இறக்கம் வேண்டும். வீதி வாய்க்காலின் அடியோ முற்றத்திலிருந்து இரண்டடிதான் கீழே. கார்த்திகையில் அந்த வாய்க்கால் விளிம்புவரை நிற்கும்போது தண்ணீர் திரும்பிக் காணிக்குள் வரப் பார்க்கும். வாய்க்கால் காய்ந்திருக்கும் ஆவணியில் மட்டம் எடுத்தால் இது தெரியாது. மாரியில் தண்ணீர் ஏறிய கறை மதகின் சுவரில் இருக்கும், அதை வைத்து மட்டம் எடுங்கள். திரும்பி வராமல் தடுக்கும் கதவு போட்டோம், அதில் லஞ்ச்சீற்றும் வேப்பங்குச்சியும் சிக்கித் திறந்தபடி நிற்கும் என்பதால் அதற்கு முன்னால் கம்பி வலைக் கூடையும் வைத்தோம்.

மண்ணுக்குள் புதைக்கும் பைபர் தாங்கி மிதக்கும் என்பதை அரியாலைப் பக்கம் வேறொரு வேலையில் பார்த்தேன். அங்கே மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். 6000 லீற்றர் தாங்கி வெறுமையாக இருந்தால் அதை ஆறு தொன் விசை மேலே தள்ளும். அடியில் கொங்கிறீற் தளம் போட்டு, பட்டி கட்டி, மண் நிரப்பும்போதே உள்ளேயும் தண்ணீர் நிரப்ப வேண்டும். மூடி, லொறி போகும் இடமென்றால் டி 400, அதாவது நாற்பது தொன் தாங்குவது. இவை இரண்டிலும் யாராவது மிச்சம் பிடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

வெளிநாட்டுக் கையேடுகளில் கண்ணில் படாத ஒரு விஷயம் எங்கள் கோடை. மாசியிலிருந்து புரட்டாதி வரை பெரிய மழை இல்லை. செப்பரேட்டர் எப்போதும் தண்ணீர் நிரம்பியிருந்தால்தான் வேலை செய்யும். குறுக்குத் தட்டுக்குக் கீழே மட்டம் இறங்கினால் ஒயில் தட்டுக்கு அடியால் தப்பிவிடும். ஒயில் நிறைந்தால் தானாக மூடும் மிதவையும் தண்ணீர் வற்றினால் கீழே போய் வாயை அடைத்துக்கொண்டு இருக்கும். அதனால் "ஆறு மாதத்துக்கொரு முறை" என்ற கையேட்டு வாசகத்தை அழித்துவிட்டு, புரட்டாதிக் கடைசியில் சேறு அள்ளி, முற்றம் கூட்டி, நல்ல தண்ணீர் நிரப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மாரி நடுவில் ஒருமுறை ஒயில் தடிப்பு அளக்க வேண்டும், மழை விட்டதும் திரும்ப அள்ள வேண்டும். கோடையில் உள்ளே நிற்கும் தண்ணீர் நுளம்புக்கு நல்ல இடம். காற்றுக் குழாய்க்கு நுண்வலை போடாவிட்டால் டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார், அவர் கேட்பதிலும் பிழையில்லை.

எல்லாம் முடிந்த பிறகுதான் முதலாளிக்கு இன்னொரு சந்தேகம் வந்தது: "எடுக்கிற ஒயிலை என்ன செய்யிறது தம்பி?" பவுசர் வந்து நிற்க இடம் வேண்டும் என்பதற்காகவே தாங்கியை மதிலோரத்தில் வைக்காமல் வாசல் பக்கம் வைத்திருந்தோம். ஆனால் மலசலகூடக் குழி உறிஞ்சும் பவுசரில் இதை ஏற்றக் கூடாது; அபாயகரக் கழிவு எடுக்க அனுமதி உள்ளவரிடம் கொடுக்க வேண்டும். தாங்கியில் கொஞ்சம் சேர்ந்ததும் ஊரில் ஆட்கள் கேட்டு வருவார்கள், வேலிக் கட்டைக்குக் கறையான் பிடிக்காமல் பூச. சும்மா கொடுத்தால் நல்ல பெயர்தான். ஆனால் கட்டையில் பூசிய ஒயில் அடுத்த மாரியில் அதே செம்மண்ணுக்குள் போகும். ஆகவே பூட்டுப் போட்ட பரலில் சேர்த்து வைத்து, எடுத்துப் போகும் ஒவ்வொரு முறையும் அளவும் திகதியும் கையொப்பமும் கொப்பியில் எழுத ஏற்பாடு செய்தோம். திறப்பு காசாளரிடம்தான் இருக்கிறது.